கோக்கர்ஸ் வாக்

கோக்கர்ஸ் வாக் என்பது திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில் மலைவிளிம்பை ஒட்டிச் செல்லும் நடைபாதை. நீளம் சுமார் 1 கிலோமீட்டர். லெப்டினன்ட் கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1872-இல் அமைத்தார். வான் ஆலன் மருத்துவமனை எதிரே தொடங்கி, நெபோ குன்றைச் சுற்றி வளைந்து, புனித பேதுரு ஆலயத்தருகே சாலையில் சேர்கிறது. நடப்பவர்களுக்கு மட்டுமேயான பாதை. நுழைவுக் கட்டணம் உண்டு.

கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மிஷனரிகள் முதன்முதலாக வீடு கட்டியது 1845-இல். மதுரை கலெக்டர் வெர் லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். கோக்கரின் காலத்தில் மேலே வர வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் அருகிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோதான் ஏறினார்கள். அப்படியொரு சிற்றூரில், எந்த ஊருக்கும் போகாத, பார்ப்பதற்கென்றே ஒரு பாதை போடப்பட்டது. கொடைக்கானலின் விரிவான வரைபடம் ஒன்றைத் தயாரித்தவரும் கோக்கர்தான். மலையை அளந்தவர் தேர்ந்த இடம் என்பது நடக்கும்போதே தெரிகிறது: காலுக்குச் சிரமம் தராத பாதை, ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் வெறும் வெளி.

இங்கே பழனி மலைத்தொடர் படிப்படியாக இறங்குவதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் விளிம்பிலிருந்து சட்டென்று விழுகிறது. கீழே பெரியகுளம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது. தெளிந்த காலையில் பாம்பாற்றுப் பள்ளத்தாக்கு, டால்பின் நோஸ் பாறை, பெரியகுளம் எல்லாம் தெரியும். வானம் ஒத்துழைத்தால் மதுரையும். வைகை அணையின் நீர்ப்பரப்பு கோக்கர் பார்த்திராத காட்சி. அந்த அணை 1959-இல்தான் திறக்கப்பட்டது. பாதையின் நடுவே தொலைநோக்கி நிலையம் இருக்கிறது.

வெயில் ஏற ஏறச் சமவெளியின் சூடான காற்று சரிவைப் பிடித்து மேலெழுந்து குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் மஞ்சாகத் திரண்டு பள்ளத்தாக்கை மூடிவிடும். காட்சி போயிற்றே என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். பொறுமையாக நிற்பவர்களுக்கு அரிதாக வேறொன்று கிடைக்கும். முதுகுப்புறம் தாழ்ந்த சூரியன், எதிரே மஞ்சு என்று அமைந்தால், பார்ப்பவரின் நிழல் மஞ்சின்மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் இது உண்டாகிறது. ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றிய வளையம்தான் தெரியும். தோளோடு தோள் உரசி நிற்பவரின் வளையம் தெரியாது. ஜெர்மனியின் பிராக்கன் மலையில் 1780-இல் விவரிக்கப்பட்டதால் ‘பிராக்கன் நிழலுரு’ எனப் பெயர். பாதை கிழக்கு, தெற்குத் திசைகளைப் பார்த்திருப்பதால், சூரியன் மேற்கே சாயும் பிற்பகல் இதற்கு ஏற்றது.

இதேபோல விளிம்பில் நின்று பார்ப்பதற்கென்றே கனடாவின் கியூபெக் நகரிலும், செயின்ட் லாரன்ஸ் ஆற்றை நோக்கிய பாறை விளிம்பில் டஃபரின் மேடை என்ற பலகை நடைபாதை 1879-இல் திறக்கப்பட்டது. பெயருக்குரிய டஃபரின் பிரபு கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றது கோக்கர் பாதை போட்ட அதே 1872-இல். 1884-இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். கியூபெக்கில் உயரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் கோட்டையும் பீரங்கியும். கொடைக்கானலில் சமவெளியின் வெக்கையும் காய்ச்சலும்தான் வெள்ளையரை மேலேற்றின.

சென்னை, ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து போகிறவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ மலையேறலாம். சொந்த வண்டியில் வருவோருக்கு, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது.