ஜங்காரில் கேரவன்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், செங்கோட்டையை அடுத்திருக்கும் புளியறை, சோதனைச்சாவடியால் அறியப்படும் ஊர். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை (தே.நெ. 744) இதைத் தாண்டி எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவுக்குப் போகிறது. குற்றாலத்தில் சாரலில் நனைந்துவிட்டுக் கேரளக் காயல்களுக்குப் போகும் கேரவன்களுக்கும் இதுவே வழி. அங்கே சில இடங்களில் வண்டியை நீர் கடத்துவது ஜங்கார் என்னும் தட்டைப் படகு. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடும் ரோ-ரோ படகுகள் அதன் நவீன வடிவம்.

இப்படிப் படகேறும் சுற்றுலா கேரவனில் பேட்டரி இரண்டு: எஞ்சினைக் கிளப்ப ஒன்று, விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஓட்ட இன்னொன்று. இந்த இரண்டாவது, இப்போது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1.28 யூனிட் மின்சாரம். கைப்பேசியில் இருக்கும் கோபால்ட் வகையைவிட இது சூட்டைத் தாங்கும். ஆனாலும் செல் பழுதாகிச் சூடேறினால் எரியக்கூடிய வாயு கக்கும். கப்பலின் மூடிய வண்டித்தளத்தில் அது ஆபத்து. 2022-இல் அசோர்ஸ் தீவுகளருகே எரிந்து மூழ்கிய ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ கார்க் கப்பலுக்குப் பிறகு கடலோடிகளின் அச்சம் கூடியது. தீ பேட்டரியில்தான் தொடங்கியது என்று நிறுவப்படவில்லை.

சிக்கல் பெரும்பாலும் ரசாயனத்தில் இல்லை, வயரிங்கில். லித்தியம் மின்சாரத்தை ஆவலோடு உறிஞ்சும்; நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் இல்லாவிட்டால், மலையேற்றத்தில் மெதுவாகப் போகும்போது ஆல்டர்னேட்டரே கொதித்துவிடும். வயரிங்கே சிக்கல் என்பதால், படகில் ஏற்றுமுன் இன்வர்ட்டரை அணைத்து, பேட்டரியின் மெயின் சுவிட்சைத் துண்டிக்க வேண்டும். கடக்கும்போது சார்ஜ் கூடாது. உப்புத்தண்ணீர் பட்ட பேட்டரியை மறுபடி இணைப்பது மடமை. லித்தியத்துக்குப் பதறுவோர் சமையல் கேஸ் சிலிண்டரின் வால்வை மூட மறப்பதுதான் வேடிக்கை.

தனிச் சரக்காகக் கடற்கப்பலில் போகும் லித்தியம் அயனி பேட்டரி ஐ.நா. எண் 3480, ஒன்பதாம் வகுப்பு ஆபத்துப் பொருள். காயல் படகுகளுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 பொருந்தும்.

இலங்கைக்குக் கேரவனோடு போகலாமா என்றால், வழியில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களை மட்டுமே ஏற்றுகிறது.