காவல் போன கணவாய்

கொழும்பிலிருந்து கண்டி போகும் பேருந்து மாவனல்லையைத் தாண்டிக் கணவாய் ஏறுகிறது. பஹல கடுகண்ணாவை கேகாலை மாவட்டம், சப்ரகமுவ மாகாணம். சில வளைவுகள் ஏறினால் கடுகண்ணாவை நகரம். அது கண்டி மாவட்டம், மத்திய மாகாணம். மாகாணம் மாறியதைப் பயணிகளில் எத்தனை பேர் கவனிப்பார்கள்?

ஒரு காலத்தில் இந்த மலைவிளிம்பை யாரும் சும்மா கடந்துவிட முடியாது. பக்கத்துப் பலனைக் கோட்டைதான் கண்டி இராச்சியத்தின் காவல் வாசல். 1594இல் இவ்வழியே ஏறிய போர்த்துக்கேயப் படை தந்துரையில் அழிந்தது.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820 முதல் பாதை வெட்டுவித்தார். கப்டன் டோசன் முன்னின்றார். பாறையைக் குடைந்த வழி இன்றும் இருக்கிறது. இராஜகாரியம் என்ற பெயரில் கூலியின்றி உழைத்தவர்கள் ஊர்மக்கள். 1832இல் எழுந்த கோபுரமோ டோசனுக்கு! 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்தது.

இன்றைய மாகாண எல்லை இவற்றுக்கெல்லாம் இளையது: சப்ரகமுவ மாகாணம் பிறந்ததே 1889இல்தான்.