செம்பும் களிம்பும்

செம்பின் பெயரைத் தாங்கிய தாமிரபரணி, முத்துக்குளித்துறையில் புன்னைக்காயலருகே கடலில் கலக்கிறது. அக்கடற்கரையில் செம்பு தன் செந்நிறத்தோடு நெடுநாள் நிலைப்பதில்லை.

திறந்தவெளியில் நிற்கும் செம்பு உயிர்வளியுடன் கூடி முதலில் பழுப்பாகிறது, பின்னர் கருக்கிறது, ஆண்டுகள் பல சென்றபின் பச்சையாகிறது. இப்பச்சையைத் தமிழர் களிம்பு என்றனர். அரபியர் ஸின்ஜார் என்றனர். (ஸின்ஜாரைப் பச்சை வண்ணமாகத் தீட்டிய பழஞ்சுவடிகள் சிலவற்றில் அது தாளையே அரித்திருக்கிறது.) ஆலைப்புகை மிகுந்த நகரங்களில் காற்றிலுள்ள கந்தகம் களிம்பை உண்டாக்குகிறது. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடி போன்ற ஊர்களில் கடற்காற்று சுமந்துவரும் குளோரைடும் அதில் சேர்ந்துகொள்கிறது.

களிம்பைக் கேடென்றே கருதுவது நம் வழக்கம். அது முற்றிலும் சரியன்று. நியூயார்க் துறைமுகத்தில் 1886இல் திறக்கப்பட்ட சுதந்திரதேவி சிலை மெல்லிய செப்புத் தகட்டாலானது. சில பத்தாண்டுகளில் முழுதும் பச்சையாயிற்று. நூற்றாண்டையொட்டி 1986இல் அதனைச் செப்பனிட்டு முடித்தவர்கள் அந்தப் பச்சையை அகற்றவில்லை. இறுகப் படிந்த களிம்பு உள்ளிருக்கும் செம்புக்குப் போர்வையாகிவிடுகிறது.

மண்ணில் புதைந்த செம்பின் நிலை வேறு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த பொருள்களில் வெண்கலக் கலங்களும் உருவங்களும் பல. இத்தகைய பழம்பொருள்களின் களிம்புக்கடியில் குளோரைடு தங்கியிருந்தால், வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் அமிலம் பிறக்கும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்து, பொருள் உள்ளிருந்தே அழியும். அருங்காட்சியகத்தார் இதனை ‘வெண்கல நோய்’ என்பர். ஈரமற்ற பேழையே இதற்கு முதற்காப்பு.

இதற்கு அஞ்சிப் பழங்காசுகளைப் புளியிட்டுத் துலக்குவோர் உண்டு. அது நோயினும் கொடிய மருத்துவம். பல காசுகளில் எழுத்துப் பொறித்த பழைய மேற்பரப்பு உலோகத்தில் இராது, களிம்பில்தான் எஞ்சியிருக்கும். பச்சை போனால் எழுத்தும் போகும்.

எழுத்துப் போனால் எது போகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுண்டு. அரபியர் மஅபர் என்றழைத்த இந்நிலத்தை மதுரையிலிருந்து ஆண்ட சுல்தான்களைப் பற்றி இப்னு பதூதா நேரில் கண்டு எழுதியது நாஸிருத்தீனோடு நின்றுவிடுகிறது. அவருக்குப் பின்வந்த ஆதில் ஷா, முபாரக் ஷா, சிக்கந்தர் ஷா ஆகியோரைக் காசுகளே பெரிதும் அடையாளங்காட்டுகின்றன. 1371 வாக்கில் குமார கம்பணரின் படையெடுப்போடு அவ்வரசு முடிந்ததென்று எழுதுவோர் உளர். சிக்கந்தர் ஷாவின் காசுகளோ ஹிஜ்ரி 779, அதாவது 1377–78 வரை ஆண்டு பொறித்து நிற்கின்றன.