குடிக்கு மருந்து தேடிய கதை

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர்த் திராட்சைப் பந்தலின் கீழ் அண்ணாந்தே நின்று கழுத்து நோகக் குலை வெட்டி வாங்கிய கூலியை, கணவன் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டு விரையும் பெண்களைக் காணுந்தோறும், மதுவை வெல்ல மானிடர் செய்த பிரயத்தனங்களின் சரித்திரம் என் நினைவுக்கு வருகிறது.

1948-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோது, அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பிரதேசமும் அதற்குள் அடங்கியது. அதே ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர், குடற்புழுவை ஒழிக்குமா என்று தாமே உட்கொண்டு பார்த்த டைசல்பிராம், சிறிது மது அருந்தினாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கச் செய்வதை உணர்ந்து, அதனைக் குடிநோய்க்கு ஔஷதமென அறிவித்தனர். சட்டம் 1971-ல் தளர்ந்தது. மருந்தோ, அச்சுறுத்தியதேயன்றி ஆசையைத் தணிக்கவில்லை.

ஆசையையே தணிக்கக்கூடுமோ என்ற நம்பிக்கையை இப்போது தருவது, நீரிழிவுக்கென வந்த செமாகுளுடைடு. 2025-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், 48 பேரை ஒன்பது வாரம் கவனித்ததில், வாரந்தோறும் அவ்வூசியைச் சிறு அளவில் பெற்றவர்களுக்கு மது வேட்கை குறைந்தது. 48 என்பது மிகச் சிறிய தொகைதான். ஆயினும், பெரிய சோதனைகளிலும் அது தேறி, இவ்வட்டாரத்து க. விலக்கு அரசு மருத்துவமனையில் ஏழைக்கும் இலவசமாகக் கிடைக்கும் நாளை நான் ஆவலோடு எதிர்நோக்குகிறேன்.