நீரில் கலந்த நஞ்சின் பெயர்

கல்கத்தாவில் 1897-ஆம் ஆண்டில் உலகின் முதல் கைரேகைப் பதிவகங்களுள் ஒன்று நிறுவப்பெற்றது. கிடைத்த ரேகை எவ்வளவு தெளிவாயிருப்பினும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னரே தொகுத்துவைத்த ஏடு இல்லையேல் ஆளை அறிதல் இயலாது. ஆற்று நீரில் கலந்த நஞ்சின் பெயரைக் காணும் முயற்சிக்கும் இதுவே விதி என்பதைக் கடந்த அரை நூற்றாண்டின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இரசாயனப் பொருளின் கைரேகை யாது? கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியே, அவருடன் பணியாற்றிய ஆஸ்டன் 1919-இல் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியை அமைத்தார். அதன் வழிவந்ததே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆவியாக்கிய ஒரு பொருளை அதனுள் செலுத்தி எலெக்ட்ரான்களால் தாக்கினால், மூலக்கூறுகள் உடைந்து சிதறும். துண்டுகளின் எடையும் அளவும் கோடுகளாகப் பதியும். இக்கோட்டு வரிசையை நிறைமாலை என்று இங்கே குறிப்போம். பொருளுக்குப் பொருள் அது பெரும்பாலும் வேறுபடும்.

அமெரிக்காவில் சுற்றுப்புறப் பாதுகாப்புத் துறையும் தேசிய சுகாதார நிலையங்களும் கூடித் தொகுத்த ஏடு 1978-இல் அச்சேறியது. 25,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் மாலைகள் அதில் இடம்பெற்றன. ஆயினும், எளிதில் ஆவியாகாத மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளும் பல அம்முறைக்கு அகப்படவில்லை. அவற்றைத் திரவத்தில் கரைந்தபடியே பிரித்து ஆராயும் கருவிகள் பின்னர்ப் பரவின. ஆனால் அவற்றில் ஒரே பொருள் கருவிக்குக் கருவி வெவ்வேறாக உடைந்தது. ஒரு நிலையம் தனித்துத் தொகுக்கும் ஏடு போதாதென்பது புலனாயிற்று.

ஆதலால் 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ‘மாஸ்பேங்க்’ என்னும் பொது ஏட்டைத் தொடங்கினர். பல ஆய்வுக்கூடங்கள் தத்தம் மாலைகளை அதில் சேர்த்தன. வேண்டுவோர் எவரும் பார்க்கலாம். 2005-இல் உருவான ‘நார்மன்’ என்னும் ஐரோப்பியக் கூட்டமைப்பு இம்முறையை நீராராய்ச்சிக்குக் கொண்டுவந்தது. 2013-இல் டான்யூப் ஆற்றில் எடுத்த ஒரே நீரை 12 நாடுகளைச் சேர்ந்த 18 நிலையங்கள் ஆராய்ந்தன. மாலைகளையும் பொருட்பட்டியல்களையும் பகிர்ந்துகொள்ளுதல் இன்றியமையாதது என்பதே அவை கண்ட பாடம்.

ஏட்டில் இல்லாத நஞ்சு என்ன செய்யும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த ஓடைகளில், மழை பெய்தபின் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுமுன்னரே மடிந்துவந்தன. ஆண்டுகள் பல கழிந்தும் காரணம் விளங்கவில்லை. மோட்டார் டயரின் ரப்பர் கெடாதிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், ஓசோனால் மாறி அந்நஞ்சாகிறது என்று 2020-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். பெயர் தெரிந்தபின் பிற நாட்டு நீரிலும் அதைத் தேடிக் கண்டனர்.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில், மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததை 2007-இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. இன்ன மருந்தென்று குறித்துத் தேடியதால் அது அகப்பட்டது. தேடாதவை?

கோதாவரிக் கரையிலோ யமுனைக் கரையிலோ நாம் எங்கு வாழினும், குடிப்பது அவ்வூர் நீரையே. நம் ஆலைகளும் வயல்களும் நீரில் விடும் பொருள்களின் மாலைகளை நம் ஆய்வுக்கூடங்கள் பொது ஏட்டில் சேர்ப்பது, நமக்கும் பிறர்க்கும் ஒருங்கே காவலாகும்.