அரசியல் சாசனமும் ஓசூர் எல்லைப்புறமும்

அரசியல் சாசனம் என்பது ஒரு ராஜ்யத்தின் அதிகாரம் யாரிடத்தில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று வகுப்பதோடு, அந்த அதிகாரம் பிரஜையின் வாழ்வில் எந்த இடத்தில் நின்றுவிடவேண்டும் என்றும் விதிக்கும் மூலச் சட்டம். ஒரே பாஷை வழங்கும் உள்நாட்டு ஜில்லாக்களில் இச்சட்டம் பெரும்பாலும் பாடபுத்தகத்தோடு நின்றுவிட, ஓசூர்ப் பக்கத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி, தெலுங்கில் விலை பேசிக் கன்னடத்தில் பணம் எண்ணித் தமிழில் சீட்டு எழுதும் சந்தை வழக்கமுடைய பேரிகை போன்ற ஊர்களில் அது அன்றாட விவகாரமாகவே இருந்து வருகிறது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய 1935-ம் வருஷத்திய இந்திய அரசாங்கச் சட்டத்திலிருந்து ஆட்சி அமைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத அடிப்படை உரிமைகளைச் சேர்த்துச் சாசனத்தை உருவாக்கியது, 1946 டிசம்பர் 9-ந் தேதி முதன்முதலாகக் கூடிய அரசியல் நிர்ணய சபை. அம்பேத்கர் தலைமை வகித்த வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய தென்னாட்டவரும் இடம் பெற்றனர். 1949 நவம்பர் 26-ந் தேதி, 395 ஷரத்துக்களும் 8 அட்டவணைகளும் கொண்டதாய் அது நிறைவேறியது. 1950 ஜனவரி 26-ந் தேதி குடியரசுப் பிரகடனத்தை வாசித்துவிட்டுக் கவர்னர் ஜெனரல் பதவியை விட்டு விலகிய ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். இவ்வட்டாரத்தார் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை.

சாசனம் அளித்த உரிமைகள் உண்மையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாட்டுக்கு முதலில் காட்டியவை, ஓசூர் அன்று அடங்கியிருந்த சென்னை ராஜ்யத்தில் எழுந்த வழக்குகளே. உரிமை பறிபோனவன் நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்ற 32-வது ஷரத்தின் பலத்தில், விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்ட கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-ல் வழக்காடினார். சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயவேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட, அந்தக் குறுகிய பார்வை மாறுவதற்கு 1978-ல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியதாயிற்று. அதே 1950-ல் ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்குச் சென்னை அரசு விதித்த தடையை, ரமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசாணை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் தொடுத்த அவ்வழக்கின் விளைவாகப் பெரியாரும் பிறரும் கிளர்ச்சி செய்ய, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பினருக்கு விசேஷ ஏற்பாடு செய்ய 15(4) என்ற பிரிவைச் சேர்த்ததோடு, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளையும் விரிவாக்கியது. முன்னது நியாயம், பின்னதை அவசரமென்றே கருதவேண்டியிருக்கிறது.

ராஜ்யங்களின் எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை 3-வது ஷரத்து பார்லிமெண்டிடம் ஒப்படைக்கிறது. சம்பந்தப்பட்ட சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டுமே தவிர, அதன் சம்மதம் அவசியமில்லை. ராஜ்யங்களின் புனரமைப்பை ஆராய்ந்த பஸல் அலி கமிஷன் அறிக்கைக்குப் பின் 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் ஏற்பட்டபோது கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போயிற்று. ஓசூர் சேலம் ஜில்லாவிலேயே நின்றது. 1960-ல் ஆந்திரத்தோடு எல்லை சீர்செய்யப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்து, செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஜில்லாக்களைப் பிரிப்பதோ ராஜ்ய அரசின் வேலை. அவ்வாறே 1965-ல் தர்மபுரியும், 2004-ல் கிருஷ்ணகிரியும் உண்டாயின.

கோடு எங்கே கிழித்தாலும் அதன் இருபுறமும் வேற்றுமொழியார் எஞ்சுவர் என்பதை உணர்ந்தே, 1956-ம் வருஷத்து ஏழாவது திருத்தம், ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யும்படி 350-ஏ ஷரத்தைச் சேர்த்தது. சிறுபான்மையோர் தம் மொழியைப் பேணவும் பள்ளிகள் நடத்தவும் 29, 30-வது ஷரத்துக்கள் அளிக்கும் உரிமையோடு ஒப்பிடுகையில் இது ஒரு கடமையைச் சுட்டுவதோடு நிற்பது. 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயமானபோது, தெலுங்கு, கன்னடம், உருது மாணவர்களின் தரப்பார் நீதிமன்றம் சென்று விலக்குப் பெறவேண்டியிருந்தது. தமிழாசிரியரை அனுப்பாத பள்ளியில் படித்த பிள்ளையைத் தமிழ்த் தேர்வெழுதச் சொல்வது முறையாகாது.

வர்த்தகம் நாடெங்கும் தடையின்றி நடக்கவேண்டுமென்பது 301-வது ஷரத்து. ஆயினும் விற்பனை வரி ராஜ்யப் பட்டியலில் இருந்தமையால், ஓசூர்த் தொழிற்பேட்டைச் சரக்கை ஏற்றிய லாரிகள் எல்லையிலுள்ள ஜூஜுவாடி வரிச் சாவடியில் வரிசையாக நிற்க, டிரைவர்கள் பில் கட்டைக் கையில் பிடித்தபடி சாவடி ஜன்னலண்டை காத்துக்கிடந்த காலம் நெடுநாள் நீடித்தது. 2016-ம் வருஷத்து 101-வது திருத்தமும், 2017 ஜூலை 1 முதல் அமலான சரக்கு சேவை வரியுமே அதை முடித்தன. நதிநீரில் அத்தகைய முடிவு எளிதில் கிட்டவில்லை: யார்கோளில் மார்க்கண்டேய நதிக்குக் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்து 131-வது ஷரத்தின்படி தமிழ்நாடு தொடுத்த வழக்கில், 2019 நவம்பரில் இடைக்கால மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றம் கோரி மத்திய அரசை அணுகலாம் என்றது.

எல்லை விவகாரங்களோடு நில்லாமல் சாசனம் கிராமத்துக்குள்ளும் வந்தது: 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த 73-வது திருத்தம் கிராம ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் சாசனத்திலேயே இடம் கொடுத்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டம் 1994-ல் பிறந்தது. குடியரசு தினத்தன்று கூடும் சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்க வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் வீடு திரும்பிவிடாமல், அடுத்த சபையிலேனும் அந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.