புலியா, கிரீடமா? புள்ளலூர்த் துப்பாக்கியின் கதை

1975-ல் எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு துப்பாக்கியை இறக்கிக் காட்டினார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. துரு ஏறிக் கறுத்துப் போயிருந்தது. மருந்துக்குத் தீ போகும் சிறு துளையை யாரோ எப்போதோ ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். "மாப்பிள்ளை, இதுல பாருங்க, புலி இருக்கு. இது திப்பு சுல்தான் படையில இருந்தது. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் சண்டைக் களத்துலேர்ந்து எடுத்தாந்தது" என்றார்.

சண்டை என்று அவர் சொன்னது எது என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி எங்கள் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தார்கள். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் மன்றோ பெரும் படையோடு காத்திருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மருந்து வண்டிகள் வெடித்தன, படை சிதறியது. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1782-ல் இறந்தார். மறு வருஷம், 1781 ஆகஸ்ட் 27-ல், சர் அயர் கூட் இதே இடத்தில் ஹைதரோடு மோதினார். அதில் மாண்ட இரண்டு அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்கள்தான் இன்றும் நம் ஊரில் நிற்பவை. பலர் அவற்றைப் பெய்லியின் தூண்கள் என்று நினைக்கிறார்கள், அது சரியல்ல.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த வயதில் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. துருவுக்கு மேலே ஒரு கிரீடம் தெரிந்தது. புலி என் கண்ணுக்குப் படவில்லை. ஹைதரிடம் லாலி என்பவரின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள் என்று படித்திருந்தேன். உடனே, "மாமா, இது பிரெஞ்சு ராஜாவின் கிரீடம். லாலி படையின் துப்பாக்கி" என்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு விட்டேனா? அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு தாளில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். இறக்கும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இங்கேயே வந்துவிட்டோம். போன வருஷம் என் மைத்துனர் மகன் ஓடி வந்தான். "மாமா, ஒருத்தர் துப்பாக்கியை நல்ல விலைக்குக் கேக்கறார். உங்க லெட்டரைத்தான் ஆதாரமாக் கேக்கறார்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆராயாமல் எழுதிய தாள். முதலில், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள்கள் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லி வைத்தேன். பிறகு துப்பாக்கியை வெயிலில் கிடத்தி உட்கார்ந்தேன்.

உப்புத்தாள் போடக் கூடாது. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் நாலு நாள் துடைத்தேன்.

முதல் கேள்வி, இது எந்த வகை? குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் இடுக்கி இருந்தது. ஆகவே பாளையக்காரர்கள் வைத்திருந்த திரித் துப்பாக்கி அல்ல. குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வழவழப்பு. வரிப்பள்ளம் இல்லாததால் ரைபிளும் அல்ல, மஸ்கெட்.

இரண்டாவது, பிரெஞ்சா? பிரெஞ்சுப் படைத் துப்பாக்கியில் குழலையும் கட்டையையும் மூன்று இரும்பு வளையங்கள் சேர்த்துப் பிடிக்கும். அவற்றுக்குக் கபுசின், கிரெனதியேர், அம்பூஷ்வார் என்று பெயர்கூட உண்டு. ஆங்கிலத் துப்பாக்கியில் வளையம் கிடையாது. குழலின் அடியில் உள்ள காதுகளில் கட்டையின் பக்கவாட்டிலிருந்து சிறு ஆணிகளைச் செருகியிருப்பார்கள். எங்கள் துப்பாக்கியில் அந்தக் காதுகள் இருந்தன. ஊர் ஆசாரியின் அளவுகோலால் வாயை அளந்தேன், முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் குழல் 17.5 மில்லிமீட்டர்தான். என் தீர்ப்பு அங்கேயே விழுந்தது.

மூன்றாவது, மைசூரா? திப்புவின் தொழிற்கூடங்களில் செய்த துப்பாக்கிகளில் புலிவரிக் கோலமும், பாரசீக எழுத்தும், மவுலூதி ஆண்டுக் கணக்கும் பொறித்திருப்பார்கள். இதில் ஒன்றுகூட இல்லை.

நாலாம் நாள் துரு விலகியது. ஒரு மிருகம் பின்னங்காலில் நிற்கிறது. முன்னங்கால்களில் கிரீடத்தைத் தாங்கியிருக்கிறது. புலி அல்ல, சிங்கம். மாமனார் மிருகத்தைப் பார்த்தார், நான் கிரீடத்தைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்ததுதான் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை.

அதோடு நின்றிருந்தால் 'கும்பினிச் சிப்பாயிடமிருந்து களத்தில் எடுத்தது' என்றாவது சொல்லலாம். ஆனால் பெய்லி காலத்துக் கும்பினித் துப்பாக்கிகளில் இதய வடிவத்தை நான்காகப் பிரித்து எழுத்துகள் போட்ட முத்திரைதான் இருக்கும். சிங்கம் வந்தது 1808 வாக்கில். ஆக, 1780-ல் பெய்லி படை சிதறியபோது இந்தத் துப்பாக்கி பிறக்கவே இல்லை. இங்கிலாந்தில் செய்து, கப்பலில் சென்னைக்கு வந்து, பிறகு எப்படியோ இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.

கட்டை மட்டும் இங்கிலாந்து அல்ல. அவர்கள் வால்நட் மரம் போடுவார்கள். இது நம் பூவரசு. அடியில் வண்டிப் பட்டை ஆணி அடித்திருக்கிறது. பழைய கட்டை உளுத்தபின் நம் ஊர் ஆசாரி ஒருவர் புதிதாகச் செதுக்கியிருக்க வேண்டும். காட்டுப்பன்றியை விரட்டவும் திருவிழாவில் வெற்று வேட்டுப் போடவும் இது பயன்பட்டது என்று என் மனைவி தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாள். அது உண்மையாகத்தான் இருக்கும்.

பையன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ தாத்தா சொன்னது பொய்யா மாமா?" என்றான்.

"தாத்தா கேட்டதைச் சொன்னார். படித்தவன் என்று சொல்லிக்கொண்டு பார்க்காமல் எழுதினவன் நான்தான்" என்றேன்.

சட்டத்தைக் கழற்றித் தாளை எடுத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. அலுவலகத்தில் தவறான பதிவைக் கிழிக்க மாட்டோம், சுரண்டவும் மாட்டோம். ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இடுவோம். அப்படியே செய்தேன். விலைக்குக் கேட்டவரிடம் பையனே உண்மையைச் சொன்னான். அவர் மறுபடி வரவில்லை. துப்பாக்கி இப்போது பரணில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் அந்தத் தாளும், அடித்த கோட்டோடு.